படுக்கையை விட்டு எழ மனமில்லையா?

கேள்வி: லேசான மனச்சோர்வுதான், இப்போதைக்கு மாத்திரை வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எல்லோரும் "நடங்க, சுறுசுறுப்பா இருங்க" என்கிறார்கள். எழவே மனம் வரவில்லையே, எப்படி நடப்பது?

பதில்: மனம் வரட்டும் என்று காத்திருப்பதில்தான் சிக்கல். மனச்சோர்வில் முதலில் செயல், பிறகுதான் ஆர்வம். வழக்கமாகச் செய்பவற்றை ஒவ்வொன்றாக விட விட, மனதுக்கு இதம் தருபவை குறைந்து சோர்வு இன்னும் கூடும்.

ஒரு நோட்டு எடுங்கள். முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். மணிக்கொரு முறை என்ன செய்தீர்கள், மனநிலைக்கு 10-க்கு எத்தனை மதிப்பெண் என்று மட்டும் குறியுங்கள். மதிப்பெண் எப்போது சரிகிறது என்பது தெரிந்துவிடும். (கையில் போனோடு படுத்திருக்கும் நேரமாக இருந்தால் ஆச்சரியமில்லை.) அடுத்த வாரம் அந்த இடத்தில் ஒரு சின்ன வேலையை வையுங்கள். "நடைப்பயிற்சி" என்று எழுதினால் நடக்காது; "காலை 7 மணி, செருப்பு மாட்டி, தெருமுனை வரை" என்று எழுதுங்கள். 10 நிமிடம் போதும். மெல்ல 30 நிமிடம், வாரம் 5 நாள் என்று ஏற்றலாம். முதல் நாளே ஒரு மணி நேரம் நடந்து, மூன்றாம் நாள் விட்டுவிட்டு, 'என்னால் முடியாது' என்பதற்கு அதையே சாட்சியாக்குபவர்கள்தான் அதிகம்.

ராத்திரி சரியாகத் தூங்காவிட்டாலும் எழும் நேரம் மாறக் கூடாது. மது வேண்டாம், தூக்கத்தையும் மனதையும் கெடுக்கும்.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்தக் கூடாது. சில வாரங்களில் மாற்றம் தெரியாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். மனநல நிபுணரிடம் மனம்விட்டுப் பேசிப் பெறும் சிகிச்சையும் உண்டு. சாகலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் தனியாக இருக்காதீர்கள். உடனே யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.