ஹெலிகோனியாவா, பேர்ட் ஆஃப் பாரடைஸா? பூத்த தண்டை வெட்டலாமா?

வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார்: பேர்ட் ஆஃப் பாரடைஸ்னு சொல்லி கொடுத்த செடி, இலை வாழை மாதிரி இருக்கு, பூ சிவப்பும் மஞ்சளுமா சரமா தொங்குச்சு, இப்ப பூத்த தண்டு பழுத்து காயுது. வெட்டவே கூடாதுன்னு ஒருத்தர் சொல்றார், இது வாழை ஜாதிதான் வெட்டிடுன்னு இன்னொருத்தர் சொல்றார், எதைக் கேக்குறது?

வெட்டிடுங்க. தரையோட ஒட்டி வெட்டுங்க, அடியில இருக்குற கிழங்கு மட்டும் அடிபடாம பாத்துக்கோங்க. செடிக்கு நோய் எதுவும் இல்ல.

வெட்டாதேன்னு சொன்னவரும் தப்பா சொல்லல, அவர் மனசுல வச்சிருக்குற செடி வேற. நிஜமான பேர்ட் ஆஃப் பாரடைஸ் ஸ்ட்ரெலிட்சியா, தென்னாப்பிரிக்கா பக்கத்துச் செடி, அதுல பூக்காம்பு இலைக்கக்கத்துல இருந்து வரும், அதனால ஒரே இலைக்கொத்து திரும்பத் திரும்ப பூக்கும், வாடின காம்பை மட்டும் எடுத்தா போதும். உங்களோடது ஹெலிகோனியா, சரமா தொங்குதுன்னு சொல்றதால அநேகமா ஹெலிகோனியா ரோஸ்ட்ராட்டா. இதுல பூ தண்டோட உச்சியில இருந்துதான் வரும், அதோட அந்தத் தண்டோட கதை முடிஞ்சது, குலை தள்ளின வாழை மாதிரியேதான். பக்கத்துல வர்ற கன்னுதான் அடுத்து பூக்கும்.

அப்ப வாழை ஜாதியான்னா, முன்னாடி அப்படித்தான் வச்சிருந்தாங்க. செடி கொடிகளுக்கு அறிவியல் பேர் வச்ச ஸ்வீடன் விஞ்ஞானி லின்னேயஸ் 1771-ல ஹெலிகோனியான்னு பேர் வச்சப்பவே கிரேக்க நாட்டு ஹெலிகான் மலையை நினைச்சு வச்சார், கலைத் தேவதைகளான மியூஸ்கள் இருக்குற மலை அது, வாழையோட அறிவியல் பேர் மூசா, ரெண்டும் சொந்தம்னு அந்தப் பேர்லயே சொல்லிட்டார். ரொம்ப நாள் வாழைக் குடும்பத்துக்குள்ளயே இருந்துச்சு. இப்ப ஹெலிகோனியேசின்னு தனிக் குடும்பம், அதுல இருக்குறது இந்த ஒரே பேரினம்தான் (நெருங்கின இனங்களோட தொகுப்பு), அதுக்குள்ள சுமார் 200 இனம். வாழை, இஞ்சி, கல்வாழை, ஸ்ட்ரெலிட்சியா எல்லாம் சேர்ந்த பெரிய தொகுப்புக்கு இஞ்சி வரிசைன்னு பேர், அதுல மொத்தம் 8 குடும்பம், அதுல இது ஒண்ணு. ஆக சொந்தம் உண்டு, ஒரே வீடு இல்ல.

வீட்லயே பாக்கணும்னா இலை அடுக்கைப் பாருங்க, வாழையில இலை சுத்திச் சுத்தி வரும், ஹெலிகோனியாவுல ரெண்டு பக்கமா எதிரெதிரே மாறி மாறி வரும். வெட்டினா வாழைக்கு கறை வடியும், இதுக்கு அந்தப் பால் கிடையாது. ஆனா ஸ்ட்ரெலிட்சியாவுக்கும் இலை ரெண்டு வரிசைதான், அங்க பூவைத்தான் பாக்கணும், அதுல ஒரே படகு மாதிரி மடல்ல இருந்து ஆரஞ்சும் நீலமுமா பூ எழும்பும், ஹெலிகோனியாவுல நிறைய மடல் வளைஞ்சு வளைஞ்சு அடுக்கா இருக்கும். நாம பூன்னு ரசிக்கிற கலரெல்லாம் அந்த மடல்தான், வாழைப்பூ மடலை நினைச்சுக்கோங்க, நிஜப் பூ உள்ள சின்னதா ஒளிஞ்சிருக்கும்.

இந்த இனங்கள்ல பெரும்பாலானது அமெரிக்க வெப்பமண்டலக் காட்டுச் செடி, அங்க தேன்சிட்டு மாதிரி இருக்குற ஹம்மிங் பறவைதான் மகரந்தம் கொண்டுபோகும், பழம் நீலமா இருக்கும். பசிபிக் தீவுகள்ல மட்டும் கொஞ்சம் இனம் தனியா இருக்கு, அதுங்களுக்குப் பழம் சிவப்போ ஆரஞ்சோ. எனக்கு இந்த வித்தியாசம் ரொம்பப் பிடிக்கும்.

இனிமே நீங்க கவனிக்க வேண்டியது ஒண்ணுதான், இலை கிழிஞ்சு அசிங்கமா இருக்குன்னு பூக்காத தண்டை வெட்டிடாதீங்க, வரப்போற பூ அதுக்குள்ளதான் இருக்கு, நிறைய பேர் வீட்ல பூக்காம போறதுக்கு இதுவும் காரணம். இலை காத்துல கிழியுறது சகஜம், காத்து நேரா அடிக்காத இடமா, நல்ல வெளிச்சம், தேங்காத ஈரம் இருந்தா போதும். கூட்டம் ரொம்ப அடர்ந்துட்டா தோண்டி கிழங்கோட பிரிச்சு நடுங்க. பின்னாடி மேல் நோக்கி பூக்குற வகை எதாவது வாங்கினா மடல்ல தண்ணி நிக்கும், கொசு முட்டை போடும், அப்பப்ப சாய்ச்சு கொட்டிடுங்க. உங்க தொங்குற வகைக்கு அந்தக் கவலை இல்ல.