பள்ளியில் நல்ல மதிப்பெண், கல்லூரிக் கணிதத்தில் திணறல்: ஏன்?

பள்ளியிலேயே வகைக்கெழு, தொகையீடு எல்லாம் படித்தும் கல்லூரியில் முதல் பருவத்திலேயே ஏன் தடுமாறுகிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் கோளாறு இவை அடங்கிய நுண்கணிதத்தில் இருக்காது. அதற்கு அடியில் கிடக்கும் இயற்கணிதத்தில் இருக்கும்.

ஒரு வகைக்கெழுக் கணக்கைப் பிரித்துப் பாருங்கள். நுண்கணிதம் வேலை செய்வது முதல் ஓரிரு வரிகளில்தான். மீதியெல்லாம் பின்னத்தைச் சுருக்குவது, காரணிப்படுத்துவது, அடுக்குகளைச் சேர்ப்பது. சறுக்குவதும் அங்கேதான். √(9+16) என்பது √25, அதாவது 5. அதை 3+4 என்று உடைத்து 7 என எழுத உங்களுக்கு மனம் வராது. எண் இருந்த இடத்தில் எழுத்து வந்துவிட்டால் அதே தவறு தானாக வந்துவிடும். 1/(2+3) என்பதை 1/2+1/3 ஆக்குவதும் அப்படித்தான்: முதலாவது 1/5, இரண்டாவது 5/6. சந்தேகம் வந்தால் சின்ன எண்களைப் போட்டுப் பார்ப்பது, என்னைக் கேட்டால், சூத்திரப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட மேல்.

அடுத்தது சார்பு, அதாவது ஓர் எண்ணைக் கொடுத்தால் இன்னோர் எண்ணைத் தரும் விதி. சைனும் ஒரு சார்புதான்; அதை ஏதோ பெருக்கும் எண் போல நினைத்து, sin(A+B) என்பதை sin A + sin B என்று விரித்துவிடுகிறவர்கள் நிறைய. 30°, 60° இரண்டின் சைன்களைக் கூட்டினால் சுமார் 1.37, ஆனால் 90°யின் சைன் 1 மட்டுமே. இந்தத் தெளிவு இல்லாமல், ஒரு சார்புக்குள் இன்னொரு சார்பு இருக்கும்போது வகைக்கெழு காண உதவும் சங்கிலி விதி பிடிபடாது.

உங்களைச் சோதிக்க வேண்டுமா? கால்குலேட்டரையும் விடைப் பக்கத்தையும் மூடிவைத்துவிட்டு, பின்னம், மடக்கை, முக்கோணவியல் மூன்றும் கலந்த இருபது கணக்குகளைப் போடுங்கள். நாலைந்துக்கு மேல் தவறினால், நுண்கணிதத்துக்கு முந்தைய பாடத்தை ஒரு பருவம் எடுத்துக்கொள்ளலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.