மீன்பிடிப் படகுக்கும் லாரிக்கும் வயரிங்கை நாமே செய்துகொள்ளலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: சின்ன மீன்பிடிப் படகு ஒன்றும் பழைய லாரி ஒன்றும் இருக்கின்றன. படகில் விளக்கு, தண்ணீர் வெளியேற்றும் பம்பு, மீன் இருக்கும் இடத்தைக் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர் மாட்ட வேண்டும். லாரியில் கூடுதல் விளக்குகள் போட வேண்டும். ஆள் வைக்காமல் நானே செய்யலாமா, எதிலிருந்து தொடங்குவது?

செய்யலாம். நான் இரண்டிலும் செய்திருக்கிறேன், இரண்டிலும் சொதப்பியும் இருக்கிறேன். சொதப்பலிலிருந்து ஆரம்பித்தால்தான் விஷயம் புரியும்.

முதன்முதலில் படகின் அணியத்தில், அதாவது முன்முனையில், 55 வாட் ஹாலஜன் விளக்கு இரண்டு மாட்டினேன். பேட்டரி பின்பக்கம், இடையில் பத்து மீட்டர். கையில் இருந்த 1.5 ஸ்கொயர் எம்எம் வயரை இழுத்துவிட்டேன். விளக்கு எரிந்தது, ஆனால் மஞ்சளாக, ஏதோ சோகையாக. பேட்டரி சரியில்லை என்று நினைத்துப் புதிதாக ஒன்று வாங்கினேன். அப்போதும் அதே மஞ்சள். விளக்கை மாற்றினேன், பலனில்லை. கடைசியில் ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கரண்ட் போக பத்து மீட்டர், திரும்பி வர பத்து மீட்டர், ஆக இருபது மீட்டர் செம்பு. 1.5 வயரில் அதன் தடை சுமார் 0.23 ஓம். இரண்டு விளக்கும் சேர்ந்து 9 ஆம்பியர் எடுக்கும். பெருக்கினால் 2 வோல்ட்! பன்னிரண்டில் இரண்டை வயரே தின்றுவிட்டது. ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் ஆறில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

அதே இடத்துக்கு 6 ஸ்கொயர் எம்எம் போட்டால் இழப்பு அரை வோல்ட்தான். இல்லாவிட்டால் 20 வாட் எல்இடி மாட்டிக்கொள்ளலாம். அது இரண்டு ஆம்பியருக்கும் குறைவாகவே எடுக்கும், பழைய வயரே போதும். நான் எல்இடிக்குத்தான் மாறினேன். மட்டமான எல்இடி வாங்கினால் விளக்கைப் போட்டதும் படகில் பேசப் பயன்படும் விஎச்எஃப் ரேடியோவில் இரைச்சல் கேட்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

லாரியில் இந்தத் தொல்லை குறைவு. கனரக லாரிகளில் பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டாக ஓட்டுகிறார்கள். அதே வாட்டுக்குப் பாதி கரண்ட் போதும். அதே வயரில் விழுக்காட்டுக் கணக்கில் இழப்பு நான்கில் ஒரு பங்காகிவிடும். ஆனால் படகில் கழற்றிய 12 வோல்ட் விளக்கை எடுத்து லாரியில் மாட்டிவிடாதீர்கள். சிரிக்க வேண்டாம், அதையும் நான் செய்திருக்கிறேன்.

லாரியில் என்னைப் பாடாய்ப் படுத்தியது வேறு. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் லேசாக எரியும். இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கு கண் சிமிட்டும். சுவிட்சைக் கழற்றிப் பார்த்தேன், பல்பு மாற்றினேன், அந்தப் பக்கம் போகும் பாசிட்டிவ் வயர் முழுவதையும் தடவித் தடவிப் பார்த்தேன். கோளாறு எர்த்தில், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் நெகட்டிவ் பக்கத்தில். விளக்குக் கூட்டின் எர்த்து வயர் சேஸிஸில், அதாவது லாரியின் இரும்புச் சட்டத்தில், போல்ட் போட்ட இடம் துருப்பிடித்து விட்டிருந்தது. கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் பக்கத்து பல்பின் இழை வழியாகச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. துருவைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, பளபளப்பான இரும்பில் புது போல்ட்டை முறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். கால் மணி நேர வேலை. அதற்கு முன்னால் போன நாட்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அன்றிலிருந்து எந்தக் கோளாறு என்றாலும் நெகட்டிவ் பக்கத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். பாசிட்டிவ்வுக்கு நல்ல வயர், ஃபியூஸ், சுவிட்ச் என்று எல்லா மரியாதையும் செய்துவிட்டு, நெகட்டிவ்வை ஏதாவது ஒரு திருகாணியில் சொருகிவிட்டுப் போவதுதான் நம் வழக்கம். போகிற கரண்ட் அத்தனையும் திரும்பி வந்தாக வேண்டும்.

லாரியில் சேஸிஸே திரும்பி வரும் பாதை. படகில் அப்படிச் செய்யக் கூடாது. ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டு வயர் போக வேண்டும். நெகட்டிவ் எல்லாம் ஒரு பஸ்பாரில், அதாவது பல வயர்களைச் சேர்த்து மாட்டும் உலோகப் பட்டையில், சேர்ந்து, அங்கிருந்து ஒரே தடித்த கேபிளாகப் பேட்டரிக்குப் போக வேண்டும். அலுமினியப் படகாக இருந்து அதன் உடம்பையே எர்த்தாகப் பயன்படுத்தினால், கசியும் கரண்ட் உப்புத் தண்ணீர் வழியாக ஓடி அலுமினியத்தை அரித்துத் தின்றுவிடும். புரொப்பல்லர் தண்டுக்கும் இதே கதிதான்.

அடுத்தது ஃபியூஸ். 12 வோல்ட்தானே, ஷாக்கா அடிக்கப் போகிறது என்று அலட்சியம் வரும். ஷாக் அடிக்காதுதான். ஆனால் ஷார்ட் ஆனால் ஸ்டார்ட்டர் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும், வயர் பழுத்துத் தீப்பிடிக்கும். ஃபியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற. அதனால் அது பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், ஒரு சாண் தூரத்துக்குள். விளக்குக்குப் பக்கத்தில் ஃபியூஸ் வைத்திருந்து, நடுவழியில் வயர் சேஸிஸில் உரசித் தோல் கிழிந்தால், ஃபியூஸுக்கு விஷயமே தெரியாது. ஃபியூஸின் அளவையும் வயரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 1.5 வயருக்கு 15 ஆம்பியர், அதாவது நீல நிற பிளேடு ஃபியூஸ், அதைத் தாண்டாதீர்கள். அடிக்கடி போகிறது என்று சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றி மாட்டுகிறவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

இனி ஜாயிண்ட். இதில்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நான் பார்த்த கோளாறுகளில் முக்கால்வாசி இங்கேதான். லாரி அதிரும், படகு அதிர்வதோடு நனையவும் செய்யும். வீட்டுச் சுவருக்குள் போடும் ஒற்றைக் கம்பி வயர் இரண்டுக்கும் ஆகாது, அதிர்ந்து அதிர்ந்து முறிந்துவிடும். மெல்லிய இழைகள் நிறைந்த வயர்தான் வேண்டும். படகுக்கு வெள்ளீயம் பூசிய செம்பு இழை கிடைத்தால் அதையே வாங்குங்கள். வெறும் செம்பில் உப்புத் தண்ணீர் பட்டால், விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுகிற மாதிரி இழைகளுக்கு நடுவே ஏறிப் போகும். தோலை உரித்துப் பார்த்தால் உள்ளே நெடுகக் கறுப்பும் பச்சைக் களிம்பும். அதற்கு மேல் எந்த ஜாயிண்டும் நிற்காது.

முறுக்கி டேப் சுற்றுவது ஒரு வெயில் காலம்கூடத் தாங்காது. பசை இளகி வழிந்து, டேப் தானே அவிழ்ந்துவிடும். சால்டரிங் நல்லதுதானே என்று கேட்பீர்கள். ஈயம் ஊறின இடம் வரை வயர் விறைத்துப் போகிறது. அந்த விறைப்பு முடியும் எல்லையில்தான் அதிர்வு முழுவதும் விழுந்து இழைகள் ஒவ்வொன்றாக அறும். வயர் முனையில் மாட்டச் சரியான அளவு லக் என்னும் உலோகத் துண்டு, அதை வயரோடு அழுத்திப் பிடிக்கவென்றே உள்ள கிரிம்பிங் கருவி, மேலே உள்பக்கம் பசை உள்ள சுருங்கும் ஸ்லீவ், இதுதான் வழி. கட்டிங் பிளையரால் நசுக்குவது கிரிம்பிங் ஆகாது. கிரிம்ப் பண்ணினதும் பலமாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்துவிட்டால் இப்போதே வந்ததே என்று சந்தோஷப்படுங்கள்.

பம்பு விஷயத்தில் இரண்டே சொல்கிறேன். படகின் அடித்தட்டுத் தண்ணீரை வெளியேற்றும் பம்பை மெயின் சுவிட்சுக்கு முன்பே, தனி ஃபியூஸோடு, தண்ணீர் ஏறினால் தானே ஆன் ஆகும் ஃப்ளோட் சுவிட்ச் வழியாக நேராகப் பேட்டரியில் கொடுங்கள். மெயினை அணைத்துவிட்டு நீங்கள் வீட்டில் தூங்கும்போதுதான் அதற்கு வேலை இருக்கும். அதன் ஜாயிண்டைத் தண்ணீர் எட்டாத உயரத்தில் வையுங்கள், பம்புக்குப் பக்கத்தில் வேண்டாம். ஃபிஷ் ஃபைண்டருக்குத் தனி பேட்டரி இருந்தால் நல்லது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது வோல்டேஜ் பத்துக்கும் கீழே விழுந்து அது அணைந்து எரியும்.

தொடக் கூடாத இடங்களும் உண்டு. இன்வெர்ட்டரின் 230 வோல்ட் பக்கத்துக்கு ஆள் வையுங்கள், அது ஆளைக் கொல்லும். உங்கள் லாரி பழையது என்றீர்கள், நல்லது. கம்ப்யூட்டர் வைத்த புது வண்டியில் கண்ட வயரை உரித்துக் கரண்ட் எடுக்கக் கூடாது. எஞ்சின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றாதீர்கள், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் டயோடு போகும். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், மூடிய பெட்டிக்குள் தீப்பொறி ஆகாது. படகின் சிவப்பு, பச்சை விளக்குகள் இடம் மாறக் கூடாது. இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. அந்த நிறத்தைப் பார்த்துத்தான் எதிரே வருகிறவன் நீங்கள் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று முடிவு செய்கிறான்.

எதிலிருந்து தொடங்குவது? லாரியிலிருந்து. தப்பாகப் போனால் ஓரங்கட்டி நிறுத்திக்கொள்ளலாம், கடலில் ஓரம் கிடையாது. அதிலும் புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் ஒரு மல்டிமீட்டரை எடுங்கள். ஏதாவது ஒரு விளக்கை எரியவிட்டு, டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை விளக்கின் நெகட்டிவ்விலும் மறுமுனையைப் பேட்டரியின் நெகட்டிவ்விலும் வையுங்கள். விளக்கு எரிந்தே ஆக வேண்டும். அணைத்துவிட்டு அளந்தால், ஒரே ஒரு இழை உயிரோடு இருக்கும் வயரும் மீட்டரில் நல்ல வயராகத்தான் தெரியும். 0.2 வோல்ட்டோ அதற்குக் கீழேயோ வந்தால் அந்த எர்த்து நன்றாக இருக்கிறது. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் அங்கேயே நிறுத்திக்கொண்டு முதலில் அந்த போல்ட்டைக் கழற்றுங்கள்.