புகைக்கும் அப்பாவின் மகன் புகைக்காமல் இருக்க என்ன வழி?

கேள்வி: பல ஆண்டுகளாக சிகரெட் பிடிக்கிறேன், விட முடியவில்லை. ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு இந்தப் பழக்கம் வராமல் தடுப்பது எப்படி?

முதல் வேலையாக, சிகரெட் வாங்க அவனைக் கடைக்கு அனுப்பாதீர்கள். அனுப்புவதாக நீங்கள் எழுதவில்லைதான். ஆனால் புகைப்பவர் உள்ள பல வீடுகளில் இது சாதாரணமாக நடக்கிறது.

என் அப்பா பீடி பிடிப்பவர். வாங்கிவருவது அண்ணனின் வேலை. அவன் தலையைக் கண்டதுமே பெட்டிக்கடைக்காரர் பீடிக்கட்டை எடுத்து நீட்டிவிடுவார். மிச்சக் காசுக்குத் தேன்மிட்டாய். கல்லூரிக்குப் போவதற்குள் அண்ணனும் பிடிக்கத் தொடங்கிவிட்டான். கடைக்குப் போகாத நான் தொட்டதில்லை. ஒரு வீட்டுக் கதை எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. ஆனால் அரைக்கால் சட்டைப் பையன் கையில் பீடிக்கட்டு இருப்பது தெருவில் யாரையும் உறுத்தவில்லை என்றால், அவனை மட்டும் எப்படி உறுத்தும்? பின்னாளில் 'அப்பாவுக்கு' என்று சொல்லித் தனக்கே வாங்கினாலும் கடைக்காரர் கேட்கப்போவதில்லை. 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவருக்கு விற்பதே குற்றம். யாருக்காக வாங்குகிறான் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆறாம் வகுப்புதானே என்று தள்ளிப்போடவும் வேண்டாம். 2019இல் நாடு முழுவதும் 13 முதல் 15 வயது மாணவர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில், பீடி பிடித்துப் பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பத்து வயதுக்கு முன்பே தொடங்கியிருந்தார்கள்.

வீட்டுக்குள் புகைப்பதில்லை என்று முடிவு செய்யுங்கள். தீபாவளிக்கு வரும் மைத்துனருக்கும் அதே விதிதான்; மரியாதை பார்த்தால் நடக்காது. பாக்கெட்டைச் சட்டைப் பையோடு ஆணியில் மாட்டி வைக்காதீர்கள். பாதி பிடித்து அணைத்த துண்டு மொட்டை மாடியில் கிடந்தால், பிள்ளைகளின் முதல் இழுப்புக்கு அதுவே போதும்.

"நீங்கள் மட்டும் பிடிக்கலாமா?" என்று அவன் நிச்சயம் கேட்பான். அதட்டி அனுப்பாதீர்கள். காலையில் எழுந்ததும் கை தானாக அதைத் தேடுவதையும், விட முயன்று தோற்றதையும் மறைக்காமல் சொல்லுங்கள். புற்றுநோய்ப் படம் பாக்கெட்டிலேயே இருக்கிறது, அவன் அதைத் தினமும் பார்த்துப் பழகிவிட்டான். அப்பா தன் வாயால் சொல்வதை அப்படித் தள்ளிவிட மாட்டான்.

விடுவதற்கு இன்னொரு முறை முயலுங்கள். நீங்கள் எவ்வளவு சீக்கிரம் விடுகிறீர்களோ, அவன் தொடங்கும் வாய்ப்பு அவ்வளவு குறையும். அந்த நாட்களில் உங்களுக்கு வரும் எரிச்சலை அவன் பார்த்தாலும் நல்லதுதான். பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் 1800-11-2356 கட்டணமில்லாத எண், ஆலோசகரிடம் பேசலாம்.