பேஸ்பாலில் ஹோம் ரன், அதாவது நம்மூர் சிக்ஸர் மாதிரியான அடி, அதிகம் அடிக்காத ஒரு கேட்சரை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

யாடியர் மொலினாவைப் பார்த்தால் புரியும். போர்ட்டோ ரிக்கோக்காரர். 2004 முதல் 2022 வரை 19 சீசன்களும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் என்ற ஒரே அணிக்கு ஆடினார். அண்ணன்கள் பெங்கி, ஹோசே இருவரும்கூட அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கில் கேட்சர்களாக ஆடியவர்கள்தான்.

கேட்சர் என்றதும் நம்மூர் விக்கெட் கீப்பர் நினைவுக்கு வருவார். ஆனால் இவர் வேலை அதைவிடப் பெரியது. ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் என்ன வீசலாம், எங்கே வீசலாம் என்று பந்து வீசும் பிட்சருக்குச் சொல்வது பெரும்பாலும் இவர்தான். தரையில் குத்தி வரும் பந்தை உடம்பால் மறிக்க வேண்டும். பேஸ் திருட, அதாவது பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடிவிடப் பார்ப்பவரைக் கண்ணிமைக்கும் நேரத்தில் பந்தை எறிந்து அவுட்டாக்க வேண்டும். இதையெல்லாம் ஆட்டம் முழுக்கக் குந்தி உட்கார்ந்து எழுந்தபடியே செய்ய வேண்டும். முழங்கால் என்ன பாடுபடும்! அப்படி 2,100 ஆட்டங்களுக்கு மேல் உட்கார்ந்தவர் மொலினா. தடுப்பாட்டத்துக்கான கோல்ட் கிளவ் விருது 9 முறை கிடைத்தது.

எனக்குப் பிடித்தது 2006. அந்த சீசனில் அவருடைய பேட்டிங் சராசரி வெறும் .216; அதாவது பத்து முயற்சியில் சுமார் இரண்டு முறைதான் பந்தை அடித்து பேஸை எட்டினார். ஆனால் மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீக்கின் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், நியூயார்க் மெட்ஸ் அணிக்கு எதிராக, ஒன்பதாவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து அணியை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். அதே இன்னிங்ஸின் மறுபாதியில், மெட்ஸ் பேட் செய்தபோது, கார்டினல்ஸ் பிட்சர் ஆடம் வெயின்ரைட் வீசிய வளைபந்தைப் பிடித்து ஆட்டத்தை முடித்ததும் அவர்தான். கார்டினல்ஸ் அந்த ஆண்டும் 2011-லும் இரண்டு பிரிவுகளின் சாம்பியன்களும் மோதும் உலகத் தொடரை வென்றது.

வெயின்ரைட் பிட்சராகவும் மொலினா கேட்சராகவும் முதல் பந்திலிருந்தே களமிறங்கி, சேர்ந்து தொடங்கிய ஆட்டங்கள் 328. எந்த பிட்சர், கேட்சர் ஜோடியும் அத்தனை ஆட்டங்களைத் தொடங்கியதில்லை. நம்பிக்கை என்பதற்கு எனக்குத் தெரிந்த கணக்கு அதுதான்.