படிக்கிற பிள்ளைக்குக் கடற்கரையில் என்ன வேலை?

கடிதம்:

ஐயா, வணக்கம். நான் கம்பஸில் இறுதியாண்டு மாணவி. கரையில் நின்று இழுக்கிற கரைவலைத் தொழிலைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதுகிறேன். மூன்று கிழமையாக விடியப்புறம் திருகோணமலையில் நிலாவெளிப் பக்கம் போய் வருகிறேன். அம்மம்மாவுக்குத்தான் இது பிடிக்கவில்லை. "படிக்கிற பிள்ளைக்குக் கடற்கரையில என்ன வேலை?" என்று ஒவ்வொரு நாளும் கேட்கிறார். இத்தனைக்கும் அவருடைய தகப்பனே கரைவலைச் சம்மாட்டியாக, அதாவது வலைக்குச் சொந்தக்காரராக இருந்தவர். இன்னொரு பிரச்சினை சொற்களைப் பற்றியது. ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஸ்டடிதான்: ஸ்டடி லீவ், கேஸ் ஸ்டடி, ஸ்டடி ஏரியா. தமிழில் எழுத உட்கார்ந்தால் படிப்பு, கற்கை, ஆய்வு, ஆராய்ச்சி என்று நாலைந்து வந்து நிற்கின்றன. எதை எங்கே போடுவது? ஒரு பொதுச் சொல் இல்லாதது தமிழின் குறைதானே?

பதில்:

அன்புள்ள பிள்ளைக்கு,

அம்மம்மாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. நம்முடைய ஊரில் படிப்பு என்றால் மேசை, விளக்கு, கொப்பி. "பிள்ளை படிக்குது, டிவியைக் குறை" என்பார்கள். உயர்தரம் எழுதுகிற பிள்ளை உள்ள வீட்டில் அந்த வருடம் விருந்தாளிகூட மெதுவாகத்தான் கதைப்பார். டியூஷன், பாஸ்ட் பேப்பர், பாடமாக்கல். இந்தப் பாடமாக்கலில் விடை ஏற்கெனவே எங்கேயோ எழுதியிருக்கிறது, அதை நமக்குள் இறக்கிக்கொள்வதுதான் வேலை. ஓதுதல் அதைவிடக் கண்டிப்பானது. கோணேசர் கோயிலில் தேவாரம் ஓதுகிறார்கள், கிண்ணியாவில் பிள்ளைகள் குர்ஆன் ஓதப் போகிறார்கள். இரண்டு இடத்திலும் ஒரே சொல், இரண்டு இடத்திலும் ஓர் எழுத்து பிசகக் கூடாது.

ஆனால் நீங்கள் தேடுகிற விடை எந்தக் கொப்பியிலும் இல்லை. அதனால்தான் அதற்குப் படிப்பு என்ற சொல் பொருந்தவில்லை, அம்மம்மாவுக்கும் அது படிப்பாகத் தெரியவில்லை.

ஆய்வு என்ற சொல்லை நான் குசினியில்தான் கற்றேன். அம்மா முருங்கையிலையைச் சுளகில் கொட்டி ஆய்ந்துகொண்டிருப்பார். காம்பு ஒரு பக்கம், பழுத்தது ஒரு பக்கம். நானும் உதவிக்குப் போவேன். மேலால் பச்சையாக இருந்ததை எல்லாம் சட்டிக்குள் போடுவேன். அவர் அதைத் திரும்ப எடுத்து, இலையைப் புரட்டி அடிப்பக்கத்தைக் காட்டுவார். பூச்சி முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும். மாங்காய் பறிப்பதையும் நாம் ஆய்வது என்றுதான் சொல்கிறோம். தொல்காப்பியம் ஆய்தலுக்கு 'உள்ளதன் நுணுக்கம்' என்று பொருள் சொல்கிறது. ஏற்கெனவே இருப்பது இன்னும் நுணுகுவது. ஆராய்ச்சிக்கு இன்னொரு பழைய வாசனை உண்டு: ஆராய்ச்சி மணி. அதை அடித்தால் அரசன் வந்து முறைப்பாட்டை விசாரிக்க வேண்டும்.

சரி, இனி என்னுடைய வெட்கக்கேடு ஒன்றைச் சொல்கிறேன். இருபத்திரண்டு வயதில் ஒரு நிறுவனத்துக்காக வினாக்கொத்துக் கட்டோடு ஒரு கரையோரக் கிராமத்துக்குப் போனேன். ஏழாவது கேள்வி, 'உங்கள் மாத வருமானம் எவ்வளவு?' வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தலை நிமிராமல் கேட்டார், "எந்த மாதத்தைக் கேக்கிறீர் தம்பி?" இந்தக் கரையில் வாடை, அதாவது வடகீழ்க் காற்று, தணிந்த பிறகுதான் கரைவலை இறங்கும். சோழகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் இந்தப் பக்கத்துக் கடல் அடங்கிக் கிடக்கும், அப்போதுதான் உழைப்பு. திரும்ப வாடை வந்தால் வலை கரையில். உழைக்கிற காலத்திலும் சம்பளம் என்று ஒன்று இல்லை. பட்ட மீனை விற்று, செலவு கழித்து, பங்கு பிரிப்பார்கள். சில நாள் இழுத்த கைக்கு ஒரு கறி மீனோடு சரி. இதையெல்லாம் அவர் பொறுமையாகச் சொன்னார். என் தாளில் இருந்ததோ ஒரு சின்னப் பெட்டி. "சும்மா ஒரு கணக்குச் சொல்லுங்கோ ஐயா" என்றேன். பாவம் என்று நினைத்து ஒரு தொகை சொன்னார். அப்படியே நாற்பது பேரிடம் வாங்கினேன். பிறகு அறிக்கையில் சராசரி எடுத்து, இரண்டு தசமதானத்துக்குத் திருத்தமாக அச்சடித்திருந்தார்கள். அந்த இரண்டு தசமதானம் இன்றைக்கும் எனக்குக் கூசும்.

அவர் வாயால் வந்ததுதான் ஆய்வு. நான் எழுதாமல் விட்டதும் அதுதான்.

1980களின் தொடக்கத்தில் 'டியூலிப்' என்ற பாய்க்கப்பலில் ஆய்வாளர்கள் நம்முடைய கடலுக்கு வந்து நீலத் திமிங்கிலங்களைப் பார்த்தார்கள். இங்கே கரைக்குக் கிட்டவே கடல் மளமளவென்று ஆழமாகிவிடுவது உங்களுக்குத் தெரியும், அதனால் திமிங்கிலமும் கிட்டவே வரும். திமிங்கிலத்தை நம்முடைய மீனவர்களும்தான் பார்த்திருப்பார்கள். வந்தவர்கள் கூடுதலாகச் செய்தது என்னவென்றால், படம் பிடித்து, தோலில் உள்ள திட்டுகளை வைத்து இது அன்றைக்கு வந்தது, இது வேறு என்று ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். இதுவும் இலையைப் புரட்டிப் பார்க்கிற வேலைதான்.

அப்புறம், சொற்கள். ஸ்டடி ஏரியாவுக்கு ஆய்வுப் பிரதேசம் என்று உங்கள் விரிவுரையாளர்களே எழுதுகிறார்கள், நல்லது. கேஸ் ஸ்டடிக்கு விடய ஆய்வு போதும். ஸ்டடி டூர் கல்விச் சுற்றுலா, அதில் சுற்றுலாதான் கூட என்பது வேறு கதை. கற்கையை ஒரு துறையின் பெயருக்கும் கற்கைநெறிக்கும் விட்டுவிடுங்கள். 'இக்கற்கையானது' என்று தொடங்குகிற வசனத்தைக் கண்டால் எனக்குக் கொட்டாவி வருகிறது. ஸ்டடி லீவை அப்படியே வைத்திருங்கள், அதைத் தமிழாக்கினால் யாரும் லீவு தரமாட்டார்கள்.

ஒரு பொதுச் சொல் இல்லாததை நான் குறையாக நினைக்கவில்லை. ஸ்டடியின் லத்தீன் மூலத்துக்கு முனைப்பு, ஆர்வம் என்று பொருள். முனைப்போடு செய்கிற எதற்கும் அந்தச் சொல் போய் ஒட்டிக்கொண்டது, வீட்டில் ஓர் அறைக்குக்கூட. தமிழில் எழுதும்போது ஒவ்வொரு தடவையும் நின்று, நான் இப்போது பாடமாக்குகிறேனா, ஆய்கிறேனா என்று கேட்க வேண்டியிருக்கிறது. அந்தத் தொல்லை உங்கள் கட்டுரைக்கு நல்லது.

அம்மம்மாவிடம் வாதாடப் போகாதீர்கள். பின்னேரம் தேத்தண்ணி குடிக்கிற நேரமாகப் பார்த்து, அவருடைய தகப்பன் எந்தக் காற்றுக்கு வலை இறக்கினார், பங்கு எப்படிப் பிரித்தார், வலை இழுக்கும்போது என்ன அம்பா பாடினார்கள் என்று கேளுங்கள். கையில் கொப்பி இருக்கட்டும். அவர் சொல்கிற சொல்லை நீங்கள் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள், பக்கத்தின் மேலே திகதியும் போடுங்கள்.