மார்க்ஸும் ஏங்கெல்ஸும்: ஒரு மாலை நேரக் கேள்வி பதில்

மார்க்ஸ், ஏங்கெல்ஸ் இருவரின் நட்பைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: கடித வரிகளை மேற்கோள் காட்டினால் தேதியும் வேண்டும். தாடி வைத்த படத்துக்குக் கீழே அச்சடித்து வரும் வாக்கியங்களுக்கு நான் பொறுப்பில்லை.

கேள்வி: இருவரும் பார்த்தவுடன் நண்பர்கள் ஆனார்களா?

இல்லை. முதல் சந்திப்பு 1842 நவம்பரில், கொலோன் நகரில், மார்க்ஸ் ஆசிரியராக இருந்த பத்திரிகை அலுவலகத்தில். சந்திப்பு சப்பென்று முடிந்தது. பெர்லினில் இருந்த இளம் ஹெகலியர் (தத்துவவாதி ஹெகலின் வழி வந்த தீவிர இளைஞர்கள்) கூட்டத்தோடு மார்க்ஸுக்கு அப்போது மனத்தாங்கல். ஏங்கெல்ஸும் அந்தக் கூட்டத்து ஆள்தான் என்று நினைத்துவிட்டார். ஏங்கெல்ஸ் தன் அப்பா பங்குதாரராக இருந்த மான்செஸ்டர் பருத்தி ஆலைக்குக் கிளம்பிப் போய்விட்டார். அங்கிருந்து அவர் எழுதிய பொருளாதாரக் கட்டுரை 1844 தொடக்கத்தில் மார்க்ஸ் நடத்திய இதழில் வந்தது. மார்க்ஸைப் பொருளாதாரம் பக்கம் திருப்பியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அந்த ஆகஸ்ட் கடைசியில் பாரிஸில் பத்து நாள் உட்கார்ந்து பேசினார்கள். ஒட்டிக்கொண்டது அப்போதுதான்.

கேள்வி: ஏங்கெல்ஸ் பணம் கொடுத்தவர், மார்க்ஸ் யோசித்தவர். அவ்வளவுதானே?

பணம் கொடுத்தார், சந்தேகமே இல்லை. பவுண்டு நோட்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை ஒரு தபாலிலும் மறு பாதியை இன்னொரு தபாலிலும் அனுப்புவார். வழியில் ஒன்று திருடு போனாலும் திருடனுக்கு உதவாது. 1869 இல் ஆலையை விட்டபோது மார்க்ஸுக்கு ஆண்டுக்கு 350 பவுண்டு என்று ஏற்பாடு செய்தார்.

ஆனால் 1858 மார்ச் கடிதங்களைப் பாருங்கள். மார்க்ஸ் கேட்கிறார்: உங்கள் ஆலையில் இயந்திரங்களை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள்? இயந்திரங்களைப் பற்றி நூல் எழுதிய பாபேஜ் ஐந்து ஆண்டு என்கிறாரே, நம்பும்படி இல்லையே? ஏங்கெல்ஸிடமிருந்து இரண்டே நாளில் பதில்: தேய்மானமாக ஆண்டுக்கு 7.5 சதவீதம் கழிப்பது வழக்கம், அந்தக் கணக்கில் பார்த்தால் பதின்மூன்று ஆண்டுக்கு மேல் வரும். பொருளாதார நெருக்கடிகள் ஏறக்குறைய பத்து ஆண்டுக்கு ஒருமுறை ஏன் திரும்பி வருகின்றன, இயந்திரம் மாற்றும் காலத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்த மார்க்ஸுக்கு இந்த எண் தங்கம் மாதிரி. நூலகத்தில் கிடைக்காது, கணக்குப் பேரேட்டைத் தினமும் புரட்டுகிறவரிடம்தான் கிடைக்கும்.

கேள்வி: கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கையை உண்மையில் எழுதியது யார்?

கடைசி வடிவம் மார்க்ஸுடையது. அதற்கு முன்னால் 1847 இல் ஏங்கெல்ஸ் ஒரு வரைவு எழுதினார், 25 கேள்விகளும் பதில்களுமாக. பிறகு நவம்பரில் அவரே மார்க்ஸுக்கு எழுதுகிறார்: இந்தக் கேள்வி பதில் வடிவத்தைத் தூக்கிப் போடுவோம், அறிக்கை என்று பெயர் வைப்போம். அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது. எனக்கு இந்த இரண்டாவது மணி நேரத்தில்தான் புரிகிறது.

கேள்வி: ஏங்கெல்ஸ் ஒரு முதலாளி. அவர் பணம் இல்லையென்றால் மார்க்ஸே இல்லை என்கிறார்களே?

இரண்டு கேள்வி மேலே போய்ப் பாருங்கள்.

கேள்வி: இருவருக்கும் சண்டையே வந்ததில்லையா, சார்?

ஒருமுறை முறிவின் விளிம்பு வரை போனது. 1863 ஜனவரி 7 அன்று ஏங்கெல்ஸ் எழுதுகிறார்: மேரி இறந்துவிட்டாள். மேரி பர்ன்ஸ் அவரோடு மணம் செய்துகொள்ளாமல் வாழ்ந்த ஐரிஷ் வம்சாவளித் தொழிலாளிப் பெண். மறுநாள் மார்க்ஸின் பதில். தொடக்கத்தில் ஆறுதலாகச் சில சொற்கள். அப்புறம் கடன், வாடகை, பள்ளிக் கட்டணம், போட்டுக்கொள்ளத் துணியும் காலணியும் இல்லாமல் வெளியே போக முடியாத பிள்ளைகள் என்று தன் பாட்டைப் பாட ஆரம்பித்துவிட்டார்.

ஏங்கெல்ஸ் சில நாள் வாயே திறக்கவில்லை. 13 ஆம் தேதி எழுதினார்: கொள்கையே இல்லாத என் சாதாரணப் பழக்கக்காரர்கள்கூட உங்களைவிட அதிக அன்பு காட்டினார்கள். மார்க்ஸ் 24 ஆம் தேதி மன்னிப்புக் கேட்டார். அவர் அப்படி இறங்கி வந்தது அபூர்வம். இரண்டு நாளில் ஏங்கெல்ஸின் பதில்: மேரியை இழந்த கையோடு என் பழைய நண்பரையும் இழக்காமல் போனேனே, அதுவே நிம்மதி. கூடவே, தன் நிறுவனத்துக்குத் தெரிந்தால் சிக்கலாகும் வழியில் புரட்டிய 100 பவுண்டு.

மார்க்ஸ் கல்நெஞ்சக்காரர் என்று உடனே தீர்ப்பு எழுத வேண்டாம். எட்டாம் தேதிக் கடிதத்தை மட்டும் வெட்டி ஒட்டுகிறவர்கள் 24 ஆம் தேதியைக் காட்டுவதே இல்லை.

கேள்வி: 1870க்குப் பிறகு கடிதங்கள் வெகுவாகக் குறைகின்றன. நட்பு ஆறிப்போச்சா?

ஏங்கெல்ஸ் 1870 இல் லண்டனுக்கே குடிவந்துவிட்டார். மார்க்ஸ் வீட்டுக்கு நடந்தே போகும் தூரம். எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு யாராவது தபால் போடுவார்களா?

கேள்வி: மார்க்ஸ் வீட்டுப் பணிப்பெண் ஹெலன் டெமுத்தின் மகனுக்கு அப்பா மார்க்ஸ்தானா என்ற விவகாரம்?

அறிஞர்களுக்குள் இன்னும் ஒத்துவரவில்லை. என் துறையும் இல்லை.

கேள்வி: மார்க்ஸின் 'மூலதனம்' நூலில் மூன்றாம் பாகம் ஏங்கெல்ஸின் சொந்தச் சரக்கு. மார்க்ஸைக் கெடுத்ததே அவர்தான்.

இது கேள்வி இல்லை, தீர்ப்பு. ஆனாலும் சுவையான இடம். மார்க்ஸ் 1883 மார்ச் 14 அன்று இறந்தார். மூன்றாம் பாகத்துக்கு அவர் விட்டுப்போனது பெரும்பாலும் 1864, 65 இல் கிறுக்கிய வரைவு. அந்தக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் சிலரே. உடம்புக்கு முடியாத ஏங்கெல்ஸ், சோபாவில் படுத்தபடியே இரண்டாம், மூன்றாம் பாகப் பிரதிகளை வாய்விட்டுப் படித்து எழுத்தரை எழுத வைத்தார். இரண்டாம் பாகம் 1885 இல் வந்தது, மூன்றாம் பாகம் 1894 இல். மூன்றாம் பாகத்தின் மூல வரைவு 1990களில்தான் அச்சேறியது, இன்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். அத்தியாயம் பிரித்தார், தலைப்பு வைத்தார், வரிகளை இடம் மாற்றினார். சரக்கு மார்க்ஸுடையதுதான்.

அதே நண்பர்: அப்போ சொல் எதையும் மாற்றவில்லையா?

மாற்றினார், இதில் உங்கள் கட்சிக்கு வலு உண்டு. லாப விகிதம் பற்றிய பகுதியில் மார்க்ஸ் பேச்சுவழக்கான, கொஞ்சம் பிடிகொடுக்காத ஒரு ஜெர்மன் சொல்லைப் போட்டிருந்த இடத்தில் ஏங்கெல்ஸ் 'தகர்வு' என்று பட்டவர்த்தனமாக எழுதிவிட்டார். முதலாளித்துவம் தானாகவே இடிந்து விழும் என்று வாதிட்டவர்களுக்கு அது நல்ல தீனி.

இன்னொருவர் குறுக்கே: டூரிங் என்ற ஜெர்மன் தத்துவவாதிக்கு ஏங்கெல்ஸ் எழுதிய மறுப்பு நூலும் அப்படித்தானே? மார்க்ஸுக்குத் தெரியாமல் எழுதியது.

தெரியாமல் எப்படி? அதில் ஒரு அத்தியாயத்தை எழுதியவரே மார்க்ஸ்.

முதல் நண்பர்: முழு நூலையும் மார்க்ஸுக்குப் படித்துக் காட்டினேன் என்பதற்கு ஏங்கெல்ஸின் சொல் மட்டும்தானே சாட்சி? அதுவும் மார்க்ஸ் செத்த பிறகு?

நியாயமான அடி. அவர் அப்படிச் சொன்னது 1885 முன்னுரையில். படித்துக் காட்டியிருந்தாலும் ஒவ்வொரு வரிக்கும் மார்க்ஸ் தலையாட்டினார் என்று ஆகாது. இயற்கை விஞ்ஞானத்தில் ஏங்கெல்ஸுக்கு இருந்த தைரியம் மார்க்ஸுக்கு இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாற்பது ஆண்டு கூட்டுவேலையில் ஒருவரை முழுக்கச் சுத்தமாக்கி, தவறு எல்லாவற்றையும் மற்றவர் தலையில் கட்டுவது வசதிக்காகச் செய்வது. மார்க்ஸ் மட்டும் மேலே எங்கோ மிதந்துகொண்டிருந்தாரா?

கேள்வி: ஏங்கெல்ஸை ஏன் மார்க்ஸ் பக்கத்தில் புதைக்கவில்லை?

1895 ஆகஸ்ட் 5 அன்று இறந்தார். அவர் விரும்பியபடியே எரித்து, ஈஸ்ட்போர்னுக்கு அப்பால் கடலில் சாம்பலைக் கரைத்தார்கள். மார்க்ஸின் மகள் எலினோரும் அந்தப் படகில் போனார்.

கேள்வி: நண்பனைப் பற்றி மார்க்ஸ் சொன்ன அழகான வரி ஒன்று எனக்கு வந்தது. இது உண்மையா என்று மட்டும் சொல்லுங்கள்...

தேதி?